புறாக்கூடு

லிஃப்ட்காரரின் சமையலறையில் அவரைக் கேட்காமல் யாரும் ஒரு கரண்டியைக்கூட இடம் மாற்றி வைக்க முடியாது. மனைவி போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு நாலு வயது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பின் முன் நின்றவர் அவர் ஒருவர்தான். பகலெல்லாம் உயரமான கட்டடங்களின் உச்சியில், லிஃப்டை இழுக்கிற மோட்டார் அறையில், கிரீஸும் கையுமாகக் கிடப்பார். சாயங்காலம் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு மகளுக்கு முட்டை பொரிப்பார். முதலில் எல்லாம் கருகியது. பிறகு பழகியது. கடைசியில் அது அவருக்குப் பெருமையாகவே ஆகிவிட்டது. "எங்க அப்பா சமையல் முன்னாடி எந்த ஹோட்டலும் நிக்க முடியாது" என்று மகள் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு திரிகிறாள் என்று கேள்விப்பட்ட அன்று, அவர் பதினோரு மாடியையும் படியிலேயே ஏறினாராம். அவ்வளவு குஷி.

அப்படிப்பட்டவரின் மகள் போயும் போயும் ஒரு சமையல்காரனைக் காதலித்தாள்.

டாக்டர், வக்கீல் என்றெல்லாம் அவர் கனவு கண்டவரில்லை. ஒரு டிரைவரைக் கூட்டி வந்திருந்தால் மனசாரச் சம்மதித்திருப்பார். ஆனால் பெரிய ஹோட்டல் ஒன்றின் அடுப்படியில் வேலை பார்க்கிற பையன் என்று அவள் சொன்னதும், தன் அடுப்பின் மேல் யாரோ கை வைத்த மாதிரி அவருக்குச் சுருக்கென்றது. அதை வெளியே சொல்ல முடியுமா? "பையனக் கூட்டிட்டு வா, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். இரண்டு கையிலும் பை. லிஃப்ட்காரரின் அக்காவும் அத்தானும் பெரிய மனுஷர்களாக வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மாமா, இன்னைக்கு நான் சமைக்கட்டுமா?" என்று கேட்டான்.

வந்த அன்றைக்கே மாமாவா என்று நினைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர். அத்தனை பேர் முன்னால் முடியாது என்றும் சொல்ல வாய் வரவில்லை. பையன் உள்ளே போனான். அவருடைய பெரிய வாணலியை எடுத்தான். அவருடைய எண்ணெயை ஊற்றினான். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம், காற்றடைத்த எதையோ திறந்துவிட்ட மாதிரி, அடுத்து இன்னொன்று, இன்னொன்று. புளியும் பூண்டும் வெல்லமும் சேர்ந்து கொதிக்கிற வாசனை கூடம் முழுக்க வந்தது. மகள் சமையலறைக்கும் கூடத்துக்கும் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தட்டு வந்தது. தாய்லாந்துக்காரர்கள் செய்கிற பொரித்த நூடுல்ஸாம். நூல் மாதிரி மெல்லிசான அரிசி நூடுல்ஸ் எண்ணெயில் உப்பிப் பூத்து, தேன் நிறத்தில் பாகு பூசிக்கொண்டு ஒரு குவியலாக எழும்பி நின்றது. மேலே வலை மாதிரி பொரித்த முட்டை, சிவப்பு மிளகாய்க் கீற்று, ஓரத்தில் முளைகட்டிய பயறு. எல்லோரும் லிஃப்ட்காரர் முகத்தையே பார்த்தார்கள். பையனும் பார்த்தான்.

"தம்பி, எங்க மோட்டார் ரூம்ல புறா கூடு கட்டும். குச்சியும் கம்பியுமா, அச்சு அசலா இப்படியேதான் இருக்கும்" என்றார் அவர். "முட்டை ஒண்ணுதான் பாக்கி."

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவுக்குப் புரை ஏறியது. பையனும் சிரித்தான். "முட்டையும் இருக்கு மாமா, மேல பாருங்க" என்றான். அதற்கும் ஒரு சிரிப்பு. மகள் மட்டும் சிரிக்கவில்லை.

லிஃப்ட்காரர் இரண்டு வாய் சாப்பிட்டார். முதல் கடியில் சடசடவென்று உடைந்தது. உடைந்த பிறகுதான் புளிப்பு வந்தது, அதன் பின்னால் இனிப்பு, கடைசியில் ஒரு காரம். அவர் கை மூன்றாவது வாய்க்குத் தானாகப் போனது. அதைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி தட்டைக் கீழே வைத்தார். "வயசான பல்லு, இதெல்லாம் தாங்காது" என்றார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு. பல்லெல்லாம் இரும்பு மாதிரி இருந்தது.

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்புமுன், மிச்சம் வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். நமுத்துப் போயிருந்தது. நின்றபடியே வழித்து வழித்து முழுக்கத் தின்றார். சாப்பாட்டை வீணாக்கக் கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறினார்கள். மாப்பிள்ளைக்கு 'மொறுமொறு' என்ற பெயரும் நிலைத்தது. "என்ன, மொறுமொறு வந்தாச்சா?" என்று அவர் கேட்டால் சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். மாப்பிள்ளை தானும் சிரித்துக்கொண்டு வந்து உட்காருவான். ஆனால் அந்த வீட்டு அடுப்பை அவன் அதற்குப் பிறகு தொடவே இல்லை.

ஒரே ஒரு தடவை ஒன்று கேட்டான். வீட்டில் தெருவைப் பார்த்த முன்னறை ஒன்று இருந்தது. பழைய மோட்டார், அறுந்த கம்பிவடம், பெட்டி பெட்டியாக லிஃப்ட் பொத்தான் என்று லிஃப்ட்காரர் எங்கெங்கிருந்தோ கொண்டு வந்து அடைத்து வைத்திருந்தார். மாப்பிள்ளை அந்த அறை வாசலில் நின்றுகொண்டு, "மாமா, இதைக் கொஞ்சம் ஒழிச்சா ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை போடலாம். நாலு மேஜை போதும். நான் அங்க சம்பளத்துக்குச் செய்யறத இங்க நமக்குன்னு செய்வேன்" என்றான். பக்கத்தில் மகள், இடுப்பில் கைக்குழந்தை.

லிஃப்ட்காரர் யோசிக்கக்கூட இல்லை. "நாலு பேர் வந்து மொறுமொறுன்னு கடிச்சிட்டுப் போவாங்க. என் மோட்டாரெல்லாம் எங்க போகும்? உன் வாணலிக்குள்ளயா?" என்றார்.

நல்ல ஜோக் என்றுதான் அப்போது நினைத்தார். மாப்பிள்ளை தலையை ஆட்டிக்கொண்டான். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சில மாதங்களில் தொலைதூரத்தில், கடற்கரையோரம் இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் வேலை கிடைத்துப் போனான். மகளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அதை விட்டுவிட்டுப் பின்னாலேயே போக முடியவில்லை. வாராவாரம் வந்தவன் மாதாமாதம் வந்தான். போனில் பேசியது போனில் சண்டையானது. கடைசியில் சண்டைகூட ஓய்ந்துவிட்டது. யாரும் சத்தம் போடாமல், பெரிய மனுஷத்தனமாக, இரண்டு பேரும் பிரிந்தார்கள். மகள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்தாள்.

பெட்டியோடு மகள் வாசலில் நின்ற அன்று லிஃப்ட்காரருக்கு வயிறு எரிந்தது, நிஜம்தான். ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் ஒரு துளி சந்தோஷமும் இருந்தது. மகள் திரும்ப வந்துவிட்டாள். மறுபடி அவளுக்குச் சமைத்துப் போடலாம். அந்தத் துளியை நினைத்தால் இப்போதும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

பேத்திக்கு எட்டு வயது நடக்கிறது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தாள். கஞ்சியைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை காய்ச்சல் விட்டு, கண் தெளிந்து, "தாத்தா, பசிக்குது" என்றாள். மகள் டியூட்டிக்குப் போயிருந்தாள். லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"என்ன வேணும் கண்ணு? கேளு. எது கேட்டாலும் தாத்தா செஞ்சு தரேன்."

"புறாக்கூடு."

"என்னது?"

"புறாக்கூடு தாத்தா. லீவுக்குப் போறப்ப அப்பா செய்வாரே, மொறுமொறுன்னு நூடுல்ஸ். நீங்கதான் அதுக்குப் பேர் வெச்சீங்களாம், அப்பா சொன்னார். தாத்தா ரொம்பத் தமாஷா பேர் வெப்பார்னு சொன்னார்."

லிஃப்ட்காரர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தான் எல்லோர் முன்னாலும் அவன் முகத்தில் அடித்த வார்த்தையை அவன் துடைத்து, கழுவி, தன் பெண்ணுக்குச் செல்லப் பெயராகக் கொடுத்திருக்கிறான். அவளும் அதைத் தாத்தாவின் அன்பென்று நம்பிக்கொண்டிருக்கிறாள். என்ன சொல்வது? "சரி, செஞ்சிடுவோம்" என்று எழுந்தார்.

கடைக்குப் போய் மெல்லிசான அரிசி நூடுல்ஸ் பாக்கெட்டாகப் பார்த்து வாங்கினார். மீன் சாஸ் என்று ஒன்று போடுவான் என்று மகள் எப்போதோ சொன்ன ஞாபகம்; அதையும் வாங்கினார். பாக்கெட்டில் வெந்நீரில் ஊறவைக்கச் சொல்லியிருந்தது. ஊறவைத்தார். பிழிந்து எண்ணெயில் போட்டதுதான் தாமதம், வாணலி வெடித்துச் சீறியது. மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒண்டி நின்றார். அடங்கிய பிறகு பார்த்தால் வாணலியில் கிடந்தது ஒரு பிசின் உருண்டை.

இரண்டாவது தடவை ஊறவைக்காமல் போட்டார். எண்ணெய் மறுபடி சீறிவிடுமோ என்று தீயைக் குறைத்து வைத்திருந்தார். நூடுல்ஸ் பூக்கவில்லை. மெதுவாகச் சிவந்து கம்பி மாதிரி கிடந்தது. அதன் மேல் புளியும் வெல்லமும் கரைத்து ஊற்றினார். கம்பி அப்படியே இருக்க, புளித்தண்ணீர் தட்டின் அடியில் குளம் கட்டியது.

சிட்டு ஒரு வாய் எடுத்து ரொம்ப நேரம் மென்றாள். பிறகு தாத்தாவின் கையைத் தட்டிக் கொடுத்தாள். "நல்லாத்தான் இருக்கு தாத்தா. ஆனா இது வேற."

காய்ச்சலில் வாடிய முகம். அதில் ஏமாற்றத்தைக் காட்டாமல் இருக்க அவள் படுகிற பாடு. அதை அவள் யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. கேலி பண்ணினாலும் சிரித்துக்கொண்டே உட்காருகிறவன் பெண்ணல்லவா.

அவளுக்குக் கொஞ்சம் பால் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார். மாப்பிள்ளையின் எண் இருந்தது. அதில் அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் என்னவென்று அழைப்பது? மாப்பிள்ளை என்று சொல்கிற முறை முடிந்துவிட்டது. தம்பி என்றால் யாரோ என்று ஆகிவிடும். மொறுமொறு என்று இனிமேல் அவர் நாக்கு சொல்லாது. எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"மாமா?" என்றது குரல், எடுத்த எடுப்பிலேயே பயந்து. "சிட்டுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. காய்ச்சல் விட்டுடுச்சு. நல்லா இருக்கா. பசிக்குதுங்கறா."

"அப்பாடா." பின்னால் பாத்திரங்கள் மோதுகிற சத்தம், யாரோ யாரையோ அவசரப்படுத்துகிற சத்தம். "சொல்லுங்க மாமா."

"அது வந்து... அந்த நூடுல்ஸ் எப்படிப் பண்றது?"

"எந்த நூடுல்ஸ்?"

"உன்னோடதுதான்ப்பா. அவ அதுதான் வேணுங்கறா. நான் ரெண்டு தடவ பண்ணிட்டேன். முதல்ல களி ஆச்சு, அப்புறம் கம்பி ஆச்சு."

மாப்பிள்ளை சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. "ஒரு நிமிஷம் மாமா" என்றான். கதவு ஒன்று சாத்துகிற சத்தம் கேட்டது, இரைச்சல் அடங்கியது. "ஊற வெச்சீங்களா?"

"பாக்கெட்ல போட்டிருந்துச்சே!"

"அது சூப்புக்கு மாமா. இதுக்குத் தண்ணியே படக் கூடாது. ஒரு காகிதப் பைக்குள்ள போட்டுப் பிச்சு விடுங்க, இல்லன்னா வீடெல்லாம் பறக்கும். வாணலில எண்ணெய் நிறைய ஊத்துங்க. போனை அடுப்புப் பக்கத்துல வைங்க."

அவர் போனை மேடையில் சாய்த்து வைத்தார். தீயைக் கூட்டினார். ஒரு இழையைப் போட்டார். அது அடியில் போய்ப் படுத்தது.

"இன்னும் சூடாகல" என்றான் மாப்பிள்ளை.

"உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"சத்தம் வரலையே மாமா."

மோட்டாரின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவர் லிஃப்ட்காரர். எத்தனையோ தடவை அதைச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறார். அந்தப் பெருமைப் பேச்சுக்கு மாப்பிள்ளையும் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறான். 'எனக்கும் அப்படித்தான் மாமா, எண்ணெய்ச் சத்தம்' என்று அவன் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. திறக்க இவர் இடம் கொடுத்தாரா?

இன்னொரு இழையைப் போட்டார். போட்ட கையோடு அது வெள்ளைப் பூவாக விரிந்து மேலே வந்தது. புஸ்.

"ஆங், அதான்! இப்ப போடுங்க. ஒரு கைப்பிடிதான். புரட்டுங்க. எடுத்துடுங்க, எடுத்துடுங்க, பாத்துட்டே நிக்காதீங்க."

அவன் சொன்னபடியெல்லாம் அவர் செய்தார். அடித்த முட்டையை விரலிடுக்கு வழியாக எண்ணெயில் சொட்டவிட்டு வலை பொரித்தார். பிறகு பாகு. வெங்காயமும் பூண்டும் வதக்கி, புளி, வெல்லம், மீன் சாஸ் ஊற்றினார். "அது இறுகணும் மாமா. தண்ணியா இருந்தா எல்லாத்தையும் நமுக்க வெச்சிடும். அவசரப்படாதீங்க. கரண்டி இழுத்தா அடி தெரியணும்" என்றான்.

பாகு கொதித்துக்கொண்டிருந்தது. கிளறுவதைத் தவிர வேலை இல்லை. பேசாமல் இருப்பதும் கஷ்டமாக இருந்தது.

"ஏன்ப்பா," என்றார், "அன்னைக்கு முதல் முதல்ல வந்தப்ப இவ்வளவு வேலை இருக்கற ஒண்ண எதுக்கு எடுத்த? சுலபமா ஏதாவது பண்ணிட்டுப் போயிருக்கலாம்ல?"

"உங்களுக்காகத்தான் மாமா."

"எனக்கா?"

"அப்பாவுக்கு எப்பவும் எதையாவது நறுக்கு நறுக்குன்னு கடிச்சிட்டே இருக்கணும், உருளைக்கிழங்கு வறுவல் டப்பா காலியாச்சுன்னா மூஞ்சி தொங்கிப் போயிடும்னு அவ சொல்லிருந்தா. எனக்குத் தெரிஞ்சு இதவிட மொறுமொறுப்பா உலகத்துல ஒண்ணும் கிடையாது. எங்க ஹோட்டல்ல தாய்லாந்து அம்மா ஒருத்தங்க இருந்தாங்க, அவங்ககிட்ட கெஞ்சிக் கூத்தாடிக் கத்துக்கிட்டேன். எத்தனை தடவ கருக்கித் திட்டு வாங்கினேன்னு எனக்குத்தான் தெரியும்." அவன் நிறுத்தினான். "கிளறுங்க மாமா. சத்தம் மாறுது, அடி பிடிக்கப் போகுது."

அவர் கை நின்றுபோயிருந்தது. அவசரமாகக் கிளறினார். ஆவி கண்ணில் அடித்தது.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றார்.

"எது?"

"அன்னைக்கு நீ செஞ்சது. மறுநாள் காலைல மிச்சம் எல்லாத்தையும் நான்தான் சாப்பிட்டேன். ஒரு துணுக்கு விடல."

 சொல்லிவிட்டுப் பாகை இன்னும் வேகமாகக் கிளறினார்.

"நாங்க வேற மாதிரி நெனச்சோம் மாமா" என்றான் அவன். "பாத்திரம் கழுவிக் கவுத்தி இருந்துச்சாம். அப்பா குப்பைல கொட்டிட்டார்னு சொல்லி அவ அன்னைக்கு என்கிட்ட அப்படி அழுதா."

 ஏதாவது கொடுத்து அதைச் சரிக்கட்ட வேண்டும் போலிருந்தது லிஃப்ட்காரருக்கு. வாயில் வந்ததைச் சொன்னார். "முன்னறை இப்ப காலியாத்தான் இருக்குப்பா. எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். சிட்டு சைக்கிள் மட்டும்தான் நிக்குது. நாலு மேஜை என்ன, ஆறு மேஜையே போடலாம்."

"மாமா..."

"இல்ல, சும்மா சொன்னேன். வசதிப்பட்டா."

"நான் அடுத்த மாசம் கப்பல்ல போறேன் மாமா. பயணக் கப்பல், அதுல பெரிய கிச்சன். கையெழுத்துப் போட்டாச்சு. திரும்பி வர வருஷக்கணக்கா ஆகும். அவகிட்ட சொல்லிட்டேனே, அவ சொல்லலையா?"

"சொல்லிருப்பா. எனக்குத்தான் மறந்திருக்கும்" என்றார். மகள் சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறாள்? மாப்பிள்ளை பேச்சை எடுத்தாலே கிண்டலோடு எழுந்து போகிறவரிடம் எதைத்தான் சொல்வது?

"பரவால்ல மாமா," என்றான் அவன் மெல்ல. "பாகு இறுகியிருக்கும், பாருங்க. தீயக் குறைச்சிட்டு நூடுல்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு ரெண்டு முள்கரண்டியால தூக்கித் தூக்கிப் புரட்டுங்க. நசுக்கிடாதீங்க. கடைசில எலுமிச்சம்பழம். உடனே குடுத்துடுங்க, ஆற விடக் கூடாது."

சிட்டு கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒவ்வொரு கடியும் பக்கத்து அறைக்குக் கேட்டது. பாகு பட்ட உதட்டை நக்கிக்கொண்டு, "இதான் தாத்தா! இதேதான்!" என்றாள். அவர் தன் தட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். அதே சடசடப்பு, அதே புளிப்பு, அதே இனிப்பு. பத்து வருஷத்துக்கு முன்னால் இதைத்தான் கீழே வைத்தார். இந்தத் தடவை தட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் வைத்தார்.

மகள் மதியம் டியூட்டி முடிந்து வந்தாள். வாசலிலேயே வாசனை பிடித்துவிட்டாள். கைப்பையைக்கூட வைக்காமல் சமையலறைக்கு வந்து வாணலியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"அவர் வந்தாரா?"

"இல்லம்மா. நான்தான் பண்ணேன். போன் போட்டுக் கேட்டேன்."

"நீங்களா? அவருக்கா?"

"சிட்டு கேட்டா." அவர் மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. "அன்னைக்கு நான் அதைக் குப்பைல கொட்டலம்மா. சாப்பிட்டேன். முழுசா."

மகளுக்கு எந்த அன்றைக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்புறம் ஏன்ப்பா ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னவோ. நீ அவன் சமையலைப் பாத்துப் பூரிச்சு நின்ன. என் சமையலுக்கு நின்ன மாதிரியே நின்ன. எனக்குத் தாங்கல."

அவள் குனிந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாங்க சண்டை போடும்போதெல்லாம் எங்க ஆரம்பிச்சாலும் கடைசில அங்கதான் வந்து நிக்கும்ப்பா. 'உங்கப்பாவுக்கு என்னைப் பிடிக்கல, நீ ஒரு நாளாவது எனக்காகப் பேசினியா'ன்னு அவர் கேப்பார். நானும் பேசினதில்லை. நீங்க ஜோக் அடிக்கும்போது வாய மூடிட்டுத்தான இருந்தேன்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எல்லாத்தையும் உங்க தலையில போட மாட்டேன். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தும் கெடுத்துக்கிட்டோம். ஆனா நீங்க இத அன்னைக்கே சொல்லிருந்தா எனக்கு எவ்வளவு தெம்பா இருந்திருக்கும் தெரியுமா?"

"இப்ப ஏதாவது பண்ண முடியுமா?" என்று கேட்டார். கேட்கும்போதே சின்னப் பிள்ளைக் கேள்வி என்று அவருக்கே தெரிந்தது.

"இல்லப்பா," என்றாள் மகள். "எங்களுக்குள்ள அது ஆறிப் போச்சு. அவர் நல்லா இருக்கட்டும். எனக்குக் கோபம்கூட இல்ல இப்ப."

கப்பலுக்குப் போவதற்கு முன்னால் மாப்பிள்ளை சிட்டுவைப் பார்க்க வந்தான். ஒரு வார நாள், மத்தியானம். மகள் அன்றைக்கு டியூட்டியை மாற்றிக்கொள்ளவில்லை. காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள். லிஃப்ட்காரர் அவனைச் சமையலறைக்குள் விடவில்லை. "நீ குழந்தையோட உக்காரு" என்று சொல்லிவிட்டு எண்ணெயைச் சூடு பண்ணினார். சிட்டு அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டு ஆடுகிற பல்லை ஆட்டிக் காட்டினாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். கப்பலில் நீச்சல் குளம் இருக்குமா, கடலுக்கு நடுவில் எதற்குக் குளம் என்று கேட்டுக் கேட்டு அவனைத் திணறடித்தாள்.

லிஃப்ட்காரர் தட்டைக் கொண்டு வந்து வைத்தார். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான், பிறகு சாப்பிட்டான். நிதானமாக, ஒரு சமையல்காரன் இன்னொரு சமையல்காரனின் கையைச் சோதிக்கிற மாதிரி மென்று சாப்பிட்டான். "புளி ஒரு சொட்டு கூடிப்போச்சு மாமா. மத்தபடி என்னோடதுதான்" என்றான். தட்டைக் காலி பண்ணினான். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பக்கத்து வீட்டு அம்மாளைச் சிட்டுவுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு, பஸ் நிறுத்தம்வரை லிஃப்ட்காரரும் கூட நடந்தார். அழுத குழந்தையின் கண்ணீர் அவன் சட்டைத் தோளில் இன்னும் ஈரமாக இருந்தது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் எல்லாம் அவருக்குப் போன இடம் தெரியவில்லை.

"நான் உன்னைச் சரியா நடத்தலப்பா" என்றார்.

அதெல்லாம் ஒன்றுமில்லை மாமா என்று அவன் சொல்வான் என்று எதிர்பார்த்தார். அப்படித்தானே எல்லோரும் சொல்வார்கள். மாப்பிள்ளை பஸ் வருகிற திசையைப் பார்த்தான்.

"ஆமா மாமா" என்றான்.

குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தது என்று சொன்னான், அவ்வளவுதான். அவருக்கு வலித்தது. இத்தனை வருஷத்தில் அவன் தன்னிடம் சிரித்து மழுப்பாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்பதும் உறைத்தது. பஸ் வந்தது. அவன் குனிந்து அவர் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு ஏறிக்கொண்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே போனான்.

சாயங்காலம் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். சிட்டு தூங்கிவிட்டாளா என்று எட்டிப் பார்த்தாள். தண்ணீர் எடுத்துக் குடித்தாள். பிறகு, அவர் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்ம்மா. கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

அவள் தலையை ஆட்டினாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள். குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்ட்காரர் அவளுக்கு ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.